247-ஐ மறந்துவிட்டு 31-இல் தொடங்குங்கள்: தமிழ் மறையெழுத்துப் புதிருக்கு நிரல் எழுதுவது

கேள்வி: ஆங்கில நாளிதழ்களில் வரும் கிரிப்டோகிராம் புதிர்களை விடுவிக்கப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் வேறோர் எழுத்து, சொல் இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும் வகைப் புதிர். சில நொடிகளில் விடை வந்துவிடுகிறது. அதே நிரலுக்குத் தமிழ் அகராதியைக் கொடுத்து, ஒரு பழமொழியை மறைத்துக் கொடுத்தால் குப்பைதான் வருகிறது. 247 எழுத்து இருப்பதால் தமிழுக்கு இது முடியாத காரியமா?

பதில்:

முடியும். உங்கள் நிரலைக் கவிழ்த்தது 247 என்ற எண் அன்று. 'ஒரு எழுத்து' என்று கணினிக்கு நீங்கள் எதைக் காட்டினீர்கள் என்பதில்தான் கோளாறு. அதைச் சரிசெய்தால் ஆங்கிலத்தைவிடத் தமிழ் சில விதங்களில் எளிது. அகராதி கைவிடும் இடத்தில் எழுத்திலக்கணம் கைகொடுக்கும். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்த மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் எல்லாம் நிரலில் நேரடியாகப் பயன்படும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

முதலில் உங்கள் ஆங்கில நிரல் ஏன் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 26 எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வழிகள் ஏறத்தாழ 4-க்குப் பின்னால் 26 சுழியம். அப்படி ஒவ்வோர் அடுக்கும் ஒரு சாவி. நொடிக்கு 100 கோடி சாவிகளைப் போட்டுப் பார்த்தாலும் எல்லாவற்றையும் முடிக்க 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் இந்தப் பூட்டை உடைக்க யாரும் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்ப்பதில்லை. எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே போதும் என்பதை 9-ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்-கிந்தி அரபு மொழியில் எழுதி வைத்துவிட்டார். நாளிதழ்ப் புதிரோ ஒரே ஒரு வாக்கியம். எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எழுத்து அதில் இருக்காது. அதனால் உங்களைப் போன்றவர்கள் சொல்லின் அச்சைப் பிடிக்கிறார்கள். முதலில் வரும் எழுத்துக்கு 1, அடுத்த புதிய எழுத்துக்கு 2 என்று எண் போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அச்சு கிடைக்கும். மறைத்தாலும் அச்சு மாறாது. அகராதியை அச்சுவாரியாகப் பிரித்து வைத்து, மிகக் குறைந்த வாய்ப்புள்ள சொல்லை முதலில் பொருத்தி, முரண்பட்டால் பின்வாங்கி அடுத்ததைப் பொருத்துவது: பேக்டிராக்கிங். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

(ஒரு சின்ன விலகல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போன்றவற்றை நம் இலக்கணம் குழூஉக்குறி என்று சொல்லும். அது சொல்லுக்குச் சொல் மாற்றுவது, நிரலால் உடைக்க முடியாது, அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டியதுதான். இங்கே பேசுவது எழுத்துக்கு எழுத்து மாற்றுவது பற்றி மட்டும்.)

இனி தமிழுக்கு வருவோம். எழுத்து என்று மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை அப்படியே ஓர் அலகாக எடுத்தால் 247. 'கி' ஒன்று, 'கீ' வேறொன்று. இப்படி மறைத்த புதிர் உண்மையில் புதிரே அல்ல. ஒரு பழமொழியில் இருபது எழுத்து இருந்தால் அதில் பதினைந்து எழுத்து ஒரே ஒரு முறைதான் வரும். ஒரு முறை மட்டும் வந்த குறியைப் பற்றி மனிதனாலும் எதுவும் சொல்ல முடியாது, கணினியாலும் முடியாது.

யூனிகோடில் சேமிக்கப்படும் துண்டை அலகாக எடுப்பது இரண்டாவது வழி. பைத்தானில் ஒரு சரத்தை எழுத்து எழுத்தாகச் சுற்றினால் கிடைப்பது இதுதான், உங்கள் நிரல் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும். உயிர் 12, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி, ஆய்தம் என்று 43 துண்டுகள். இதில் இரண்டு சிக்கல். 'அ' என்ற ஒலிக்குத் தனிக்குறி கிடையாது. 'க' என்று எழுதினால் அதற்குள் அகரம் ஒளிந்திருக்கிறது, தமிழில் அதிகம் வரும் ஒலியே கணக்கில் வராமல் போகிறது. மறுபுறம், தமிழ் உரையில் மிக அதிகம் வரும் துண்டு புள்ளி. அது சொல்லின் தொடக்கத்தில் வராது, இரட்டை மெய்யின் நடுவில் வரும், சொல்லின் கடைசியில் வரும். புதிரைப் பார்த்த மாத்திரத்தில் புள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம், வாசலில் சாவியைத் தொங்கவிட்டுப் பூட்டியது போல.

உயிரும் மெய்யும் தனித்தனி என்று எடுப்பது மூன்றாவது வழி: 12 + 18, ஆய்தத்தைச் சேர்த்தால் 31. தொல்காப்பியம் 'எழுத்து முப்பது' என்று தொடங்குவதும் இந்தக் கணக்கில்தான். 'கி' என்றால் க், இ. 'க' என்றால் க், அ. இதுதான் நமக்கு வேண்டியது. புதிர் போடுகிறவர் எழுத்துக்குப் பதில் எண்களை வைத்துக்கொண்டால் திரையில் ஒழுங்காகவும் தெரியும். எழுத்தையே எழுத்தால் மாற்றினால் உயிர்க்குறி இருக்க வேண்டிய இடத்தில் மெய் வந்து உட்கார்ந்து, புள்ளிவட்டம் போட்ட பொம்மைகளாகத் திரை நிரம்பும்.

அந்தப் பொம்மைகளைத் தவிர்க்கத்தான் சிலர் உயிரை உயிராலும் மெய்யை மெய்யாலும் மட்டும் மாற்றுகிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் எது உயிர் என்பதை நீங்களே காட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆய்தத்தை விட்டுக் கணக்குப் பார்த்தால், 30 எழுத்தையும் கலந்து மாற்றும் சாவிகளின் எண்ணிக்கை, இப்படிப் பிரித்து மாற்றுவதைப்போல் சரியாக 8,64,93,225 மடங்கு. எட்டரைக் கோடி மடங்குக்கு மேலான பாதுகாப்பை எழுத்தழகுக்காகத் தாரை வார்த்த கணக்கு. உங்களுக்கு வரும் புதிர் இந்த வகை என்றால் மகிழ்ச்சி, வேலை பாதி முடிந்தது. நான் கீழே சொல்வது எல்லாம் கலந்த கடினமான வகைக்கு.

பிரிக்கும் செயல்கூறு இவ்வளவுதான்:

பிரி(சொல்):
  ஒவ்வொரு துண்டாகப் பார்
  துண்டு தனி உயிர் அல்லது ஆய்தம் என்றால் → அப்படியே சேர்
  துண்டு மெய்யெழுத்து என்றால், அடுத்த துண்டைப் பார்:
    புள்ளி என்றால் → மெய்யை மட்டும் சேர்
    உயிர்க்குறி என்றால் → மெய், அந்த உயிர் இரண்டையும் சேர்
    வேறு எது என்றாலும் → மெய், அகரம் இரண்டையும் சேர்

'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கான கருவிகள் தயாராகவே உண்டு. ஆனால் ஒரு முறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது, பத்து வரிதான். திருப்பிச் சேர்ப்பதும் எளிது: மெய்யை அடுத்து உயிர் வந்தால் உயிர்மெய்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதில் ஒரு வாரம் கிடந்தேன். 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு துண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இணையத்திலிருந்து திரட்டிய உரையில் இரண்டும் கலந்து கிடக்கும். எகரக் கொம்பைப் படித்த என் நிரல் அடுத்து வந்த காலை என்ன செய்வதென்று தெரியாமல் விழுங்கிவிட்டது. 'கொடு' எல்லாம் 'கெடு' ஆகி, என் புள்ளிவிவரத்தில் தமிழர்கள் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, கெடுத்துக்கொண்டே இருந்தார்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் இருக்கும் நார்மலைஸ் செயல்கூறை என்எஃப்சி முறையில் (பிரிந்து கிடக்கும் குறியை ஒரே துண்டாக்கும் முறை) முதலில் ஓட்டிவிட்டால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'கரமும் தட்டியிருந்தால், 'ஔ'வுக்குப் பதில் 'ஒள' என்று தட்டியிருந்தால் நார்மலைஸ் காப்பாற்றாது, அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். மற்றப் பிழைகளைப் பிடிக்க ஒரு சோதனை: உரை முழுவதையும் பிரித்துத் திரும்பச் சேருங்கள். மூலத்தோடு ஒத்துப்போகாத சொற்களைத் தனிக் கோப்பில் கொட்டுங்கள். அந்தக் கோப்பைப் பத்து நிமிடம் படித்தாலே உங்கள் நிரலில் உள்ள பிழை எது, உரையில் உள்ள பிழை எது என்பது விளங்கிவிடும்.

இப்போது ஒரு புதிர். மேற்சொன்னபடி பிரித்து, எண்களால் மறைத்தது:

14 3 22 9 5 5 17 8   |   20 11 2   |   27 20 30 17 5 5 17 8

மொத்தம் 19 எழுத்து, 12 வெவ்வேறு குறி. விடை உங்களுக்கு உடனே தோன்றியிருக்கலாம், அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு நிரல் எப்படி யோசிக்க வேண்டும் என்று பாருங்கள்.

தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு உயிர் அடுத்தடுத்து நிற்பதில்லை. நின்றால் நடுவில் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வந்துவிடும். செய்யுளில் வரும் அளபெடை விதிவிலக்கு, ஆனால் அங்கேயும் நெடிலுக்குப் பின் அதன் குறில்தான் வரும், ஒரே குறி இரண்டு முறை வராது. ஆகவே 5 5 என்று ஒரே எண் இணையாக வந்தால் அது மெய், சந்தேகமே வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த முடிவுக்கு வர முடியாது, அங்கே உயிரும் இரட்டிக்கும். மெய்யிலும் ரகரமும் ழகரமும் இரட்டிக்காது, ஆகவே 5 அவை இரண்டும் அல்ல. இரட்டை மெய்க்குப் பின் உயிர்தான் வர வேண்டும், ஆகவே 17 உயிர். உயிரை ஒட்டி வரும் 8 மெய், 30-உம் மெய். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. ஆக 27, 20 இரண்டில் ஒன்று உயிர், ஒன்று மெய். ஒரு சொல்கூட ஊகிக்காமல், ஓர் அகராதியும் திறக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

நீளமான புதிர்களில் இந்தப் பிரிப்பைச் செய்ய அழகான ஒரு வழி இருக்கிறது. சோவியத் மொழியியலாளர் போரிஸ் சுகோத்தின் 1962-இல் வெளியிட்டது. உயிர்கள் பெரும்பாலும் மெய்களை ஒட்டியே நிற்கும் என்ற ஒரே அனுமானம்தான் அதற்கு அடிப்படை. எந்தக் குறி எந்தக் குறியின் பக்கத்தில் எத்தனை முறை நிற்கிறது என்று அட்டவணை போடுங்கள், மூலைவிட்டத்தை, அதாவது ஒரு குறி தன்னையே ஒட்டி நிற்கும் கட்டங்களை, சுழியமாக்குங்கள். எல்லாமே மெய் என்று தொடங்குங்கள். வரிசைக் கூட்டுத்தொகை அதிகம் உள்ள குறியை உயிர் என்று அறிவியுங்கள். அதனோடு மற்றக் குறிகள் ஒட்டி நின்ற எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அந்தந்தக் குறியின் தொகையிலிருந்து கழியுங்கள். மிஞ்சியதில் பெரியது அடுத்த உயிர். தொகை எதுவும் சுழியத்துக்கு மேல் இல்லாதபோது நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் இது ஓரிரு எழுத்தில் சறுக்கும். உயிர் உயிரை ஒட்டவே ஒட்டாத தமிழுக்கு இது தைத்துப் போட்ட சட்டை மாதிரி. கூடவே, சுழியமாக்கும் முன் மூலைவிட்டத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எண் இருக்கும் குறி எல்லாம் மெய் என்று முன்கூட்டியே முத்திரை குத்திவிடலாம்.

மெய்கள் எவை என்று தெரிந்ததும் நன்னூல் வேலைக்கு வருகிறது. மொழிமுதலில் ட், ண், ர், ல், ழ், ள், ற், ன் வராது. மொழியிறுதியில் வல்லினம் நிற்காது. க், ச், த், ப் நான்கும் தம்மைத் தவிர வேறு மெய்யோடு மயங்கா. ங்-க்குப் பின்னால் நடைமுறையில் க் மட்டும்தான், ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின்னால் யூ வருவது மாதிரி. ஞ்-க்குப் பின் ச், ண்-க்குப் பின் ட், ம்-க்குப் பின் ப் என்று மெல்லினமும் வல்லினமும் ஜோடி ஜோடியாக அலையும். தமிழ்ச் சொல்லின் நடுவில் ந் வந்தால் பெரும்பாலும் அடுத்து த் காத்திருக்கும். ன் சொல்லின் தொடக்கத்தில் தலைகாட்டாது. ஒரு குறிக்குப் பின்னால் எப்போதும் ஒரே குறிதான் வருகிறது என்று நிரல் கண்டால் ங்க், ஞ்ச் வகை ஜோடிகளை முதலில் முயலலாம்.

எனக்கு மிகப் பிடித்த தடயம் வேறு. சொல்லிறுதியில் வல்லினம் வராது என்றேன், ஆனால் தொடர்மொழியில் வரும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதில் முதல் சொல்லின் கடைசி எழுத்தும் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தும் ஒரே ப். வலி மிகும் இடம். மறைத்த புதிரிலும் ஒரு சொல் முடியும் அதே எண்ணில் அடுத்த சொல் தொடங்கும். எந்தச் சாவி போட்டு மறைத்தாலும் இது மறையாது. அந்த எண் மெய் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் க், ச், த், ப் நான்கில் ஒன்று. 'மரம் முறிந்தது' போல மகரம் தற்செயலாகச் சேரும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒற்று மிகாமல் எழுதும் பழக்கமுள்ளவர் போட்ட புதிரில் இந்தத் தடயம் கிடைக்காது. தமிழாசிரியர்கள் போட்ட புதிர்கள் அந்த வகையில் சுலபம்.

இந்த விதிகளை எல்லாம் நிரலில் தடையாக வைக்காதீர்கள், தண்டமாக வையுங்கள். மீறினால் மதிப்பெண் குறையட்டும், வழி அடைபட வேண்டாம். லட்டு, ரயில், டீக்கடை எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நூற்பாவை மீறிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து அகராதி. உங்கள் நிரல் தோற்றதற்கு இரண்டாவது காரணம் இதுதான். ஆங்கிலச் சொற்பட்டியலில் ஒரு சொல்லின் உருவங்கள் நாலைந்துதான், எல்லாம் பட்டியலிலேயே இருக்கும். தமிழ் அகராதியில் 'யானை' இருக்கும், 'யானைக்கும்' இருக்காது. 'சறுக்கு' இருக்கும், 'சறுக்கும்' இருக்காது. வேற்றுமை உருபு, சாரியை, கால இடைநிலை, விகுதி, உம்மை என்று ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் அகராதியின் தலைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அச்சுப் பொருத்தினால் அநேகமாக எந்தச் சொல்லும் பொருந்தாது. எனவே அகராதியைத் தூக்கி வைத்துவிட்டு உண்மையான உரையிலிருந்து சொல்லுருவங்களைத் திரட்டுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தரவை யாரும் இறக்கிக்கொள்ளலாம். 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தில் இலக்கியங்களும் உரைநடையும் கிடைக்கும். விக்கிப்பீடியாவில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மலிந்திருக்கும். ஐந்து முறைக்குக் குறைவாக வந்த உருவங்களைக் கழித்துவிடுவது என் வழக்கம்.

அப்படித் திரட்டியும் பட்டியலில் இல்லாத சொல் வரும். அதற்கு ஈறுகளைத் தனியே பிடியுங்கள். ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிப் படித்து மரமாக அடுக்கினால் -க்கும், -களுக்கு, -கிறது, -ந்தான், -ப்பட்ட, -இல்லை போன்ற வால்கள் கொழுத்த கிளைகளாகத் தெரியும். நம் புதிரில் இரண்டு சொல் 5 5 17 8 என்று முடிகின்றன. இரட்டை மெய், உயிர், மெய் என்ற அச்சில் உள்ள ஈறுகளில் -க்கும் முன்னணியில் நிற்கும், -ட்டும், -ட்டம், -த்தும் எல்லாம் அதற்குப் பின்னால். -க்கும் என்று வைத்தால் 5 = க், 17 = உ, 8 = ம். நான்கில் மூன்று பங்கு வேலையை ஈறே முடித்துவிடும் என்பது தமிழின் தனிச் சலுகை. தமிழ்ப் புதிரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று நண்பர்களிடம் நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

இப்போது மூன்றாவது சொல்: இரண்டு தெரியாத எழுத்து, இன்னொரு தெரியாத மெய், பிறகு உக்கும். 'சறுக்கும்' பொருந்துகிறது. 'பொறுக்கும்', 'பெருக்கும்', 'நொறுக்கும்', 'தடுக்கும்', 'வழுக்கும்' எல்லாமே பொருந்துகின்றன. 'கொடுக்கும்' பொருந்தாது, 27-உம் க் ஆகிவிடும். 'முறுக்கும்' பொருந்தாது, 27-உம் 8-உம் மகரமாகிவிடும். 20-ல் தொடங்கும் மூன்றெழுத்துச் சொல் ஒன்று நடுவில் இருப்பதால் 20 = அ என்பதற்கு மதிப்பெண் கூடுகிறது: அடி, அணி, அலை, அறை, அவை. முதல் சொல்லுக்கு யானைக்கும், பூனைக்கும், பானைக்கும் வரிசையில் நிற்கின்றன.

என் நிரலிலிருந்து பட்டியலாக வந்தவற்றில் 'யானைக்கும் அடி சறுக்கும்' இருந்தது. 'பூனைக்கும் அடி வழுக்கும்' என்பதும் இருந்தது, 'பானைக்கும் அணி தடுக்கும்' என்பதும் இருந்தது. எண்களை வைத்துச் சரிபாருங்கள், மூன்றுமே குற்றமற்ற விடைகள். ஏன் என்றால் 12 குறிகளில் எட்டுக் குறிகள் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. அவற்றைப் பற்றிப் புதிரிலேயே போதிய தகவல் இல்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரே விடை என்று உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ 25 முதல் 30 எழுத்தாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் நிரல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே உங்கள் நிரல் ஒரு விடையை மட்டும் காட்டிவிட்டு நிற்க வேண்டாம். முதல் இருபது விடைகளை மதிப்பெண்ணோடு காட்டட்டும். யானையா பூனையா என்பதைப் பழமொழி தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். பழமொழிப் புதிர்தான் எப்போதும் வரும் என்றால் பழமொழித் தொகுப்பு ஒன்றை எடுத்து வாக்கியம் முழுவதற்கும் அச்சுப் போட்டு ஒப்பிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அது ஏமாற்று வேலை, ஆனால் வேலை செய்யும்.

இருநூறு முந்நூறு எழுத்துள்ள நீண்ட பகுதி, அல்லது சொல் இடைவெளியே இல்லாத புதிர் என்றால் சொற்பட்டியலை நம்பாமல் மலையேற்ற முறைக்குப் போங்கள். தோராயமான ஒரு சாவியோடு தொடங்கி, இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் பார்த்து, உரை முன்பைவிடத் தமிழ்போல் இருந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பழையபடி விடுவது. 31 எழுத்தில் இரண்டிரண்டாக எடுத்தால் 465 மாற்றங்கள். எந்த மாற்றமும் மேலே கொண்டுபோகவில்லை என்றால் ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறீர்கள். அது மலையாக இல்லாமல் இருக்கலாம், ஆகவே வேறு சாவியோடு மறுபடியும் தொடங்குங்கள். இருபது முப்பது முறை தொடங்கினால் அதில் பல ஓட்டங்கள் ஒரே விடையில் வந்து சேரும். அப்படிச் சேர்ந்தால் நம்பலாம்.

'தமிழ்போல்' என்பதை அளக்க நான்கெழுத்துக் கோவைகளை எண்ணுங்கள். திரட்டிய உரையில் ஒவ்வொரு நான்கெழுத்துத் தொடரும் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, அதன் விகிதத்துக்கு மடக்கை எடுத்து வைத்துக்கொண்டால், ஒரு விடையின் மதிப்பெண் என்பது அதில் உள்ள கோவைகளின் மடக்கைகளைக் கூட்டுவதுதான். இங்கே 31 என்ற எண் ஒரு பரிசு தருகிறது. இடைவெளியை ஒரு குறியாகச் சேர்த்தால் 32, அதாவது ஐந்து பிட். நான்கு எழுத்துக்கு இருபது பிட். அட்டவணையில் சரியாக 10,48,576 இடங்கள். ஹாஷ் டேபிள் போன்ற தேடும் அமைப்பு எதுவும் வேண்டாம், நேரடி அணி (அரே) ஒன்று போதும், நினைவகத்தில் 4 எம்பிதான் பிடிக்கும். கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் இந்த அழகு குலையும். அவை வரும் சொற்களை நான் பயிற்சி உரையிலிருந்து விட்டுவிடுகிறேன். கொள்கைப் பிடிவாதம் எதுவும் இல்லை, பிட் கணக்குக்காகத்தான்.

இதில் இரண்டு பிழைகள் வழக்கமாக வரும். உரையில் ஒருமுறையும் வராத கோவைக்கு மடக்கை எடுத்தால் எண் பாதாளத்துக்குப் போய்விடும். ஒரு அரிய சொல் இருந்ததற்காகச் சரியான விடை முழுவதும் தள்ளப்படும். வராத கோவைக்கு நூற்றில் ஒரு பங்கு முறை வந்ததாகப் பாவித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, புதிரில் வரும் குறிகளுக்குள் மட்டும் இடமாற்றம் செய்வது. ஆங்கிலத்தின் நீண்ட புதிரில் கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் வந்துவிடுவதால் இது வெளியே தெரியாது. குறுகிய தமிழ்ப் புதிரில் 31-இல் இருபது குறி வந்தாலே அதிகம், மிச்சம் உள்ளவை வெளியே காத்திருக்கும். அவற்றையும் உள்ளே இழுத்து மாற்றிப் பார்க்காவிட்டால் தொடக்கத்தில் தற்செயலாக அமைந்த இருபது எழுத்துக்குள்ளேயே நிரல் சுற்றிச் சுற்றி வரும். உங்கள் ஆங்கில நிரலில் இந்தப் பிழை இப்போதே இருக்கலாம், பாருங்கள்.

தொடக்கச் சாவியைக் குருட்டாம்போக்கில் எடுக்காமல், சுகோத்தின் முறையில் உயிரையும் மெய்யையும் பிரித்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை வரிசையில் அடுக்கித் தொடங்கினால் பாதித் தூரம் மிச்சம். எந்தத் தொகுப்பை எண்ணினாலும் உயிரில் அகரம் முதலிடத்துக்கு வந்துவிடும். முதல் சில சுற்றுகளில் உயிரை உயிரோடும் மெய்யை மெய்யோடும் மட்டும் மாற்றுங்கள், பிறகு கட்டை அவிழ்த்து விடுங்கள்.

இந்த நிரலை நான் புதிருக்காக எழுதினேன், பயன்பட்டது வேறு இடத்தில். யூனிகோடுக்கு முந்திய காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்குமே, அதுவும் ஒரு மறையெழுத்துதான். பாமினிக்குச் சாவி ஊரறிந்தது, மாற்றிகள் நிறைய உண்டு. ஆனால் பழைய அச்சகக் கோப்பு ஒன்று என்னிடம் வந்தது, எந்த எழுத்துரு என்று கொடுத்தவருக்கும் தெரியவில்லை, எந்த மாற்றியும் ஏற்கவில்லை. அங்கே அலகு வேறு: 'கு', 'மு' போன்றவை ஒரே குறி, எகரக் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், கால் தனி. பிரிக்கும் செயல்கூறை மட்டும் அதற்கேற்ப மாற்றி, அதே மலையேற்றத்தை ஓட்டினேன். உரை நீளமாக இருந்ததால் பெரும்பாலான குறிகள் தாமாகவே விழுந்தன. அடிக்கடி வராத 'ஙு', 'ஞூ' இனங்களை மட்டும் நான் கையால் நிரப்ப வேண்டியிருந்தது.